வெட்டிய படத்தின் ஓரத்தில் தங்கிவிடும் பழைய நிறத்தை எடுப்பது எப்படி?

சில வருடங்களுக்கு முன்பு ஒருவர் தன் அம்மாவின் படத்தைக் கொண்டுவந்தார். முதலாம் ஆண்டு நினைவு நாளுக்குப் பெரிதாகப் போட்டு மாட்ட வேண்டும். எப்போதோ ஸ்டுடியோவில் நீலத் திரைக்கு முன்னால் உட்காரவைத்து எடுத்த படம். நூல் சேலை, நெற்றியில் திருநீறு, பஞ்சு மாதிரி நரைத்த முடி. நீலத்தை எடுத்துவிட்டு அரக்கு நிறப் பின்னணி வையுங்கள் என்றார்.

வெட்டி எடுத்து அரக்கின் மேல் வைத்தேன். தலையைச் சுற்றி நீலமும் சாம்பலும் கலந்த ஒரு கோடு, பேனாவால் வரைந்ததுபோல் நின்றது. உடனே அழிப்பானை எடுத்து அந்தக் கோட்டைத் துடைத்தேன். கோடு போய்விட்டது. வந்து பார்த்தவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "தம்பி, அம்மாவுக்கு முடி இப்படி மொழுக்குனு இருக்காதே" என்றார்.

அவர் சொன்னது சரிதான். கோட்டோடு சேர்த்து, நெற்றிக்கு மேல் பறந்துகொண்டிருந்த மெல்லிய முடிகள் எல்லாவற்றையும் நான் அழித்திருந்தேன். அன்றிரவு உட்கார்ந்து முதலிலிருந்து செய்தேன். அந்த முறையைத்தான் இங்கே ஒவ்வொரு படியாக எழுதுகிறேன். மென்பொருள் கிம்ப். இலவசம், விண்டோஸ், லினக்ஸ், மேக் மூன்றிலும் ஓடும். போட்டோஷாப் வைத்திருப்பவர்களுக்கும் கடைசியில் ஒரு பகுதி இருக்கிறது.

அந்தக் கோடு எங்கிருந்து வருகிறது?

முடியும் திரையும் சந்திக்கும் இடத்தில் ஒரு பிக்சலுக்குள் (படத்தை உண்டாக்கும் மிகச் சிறிய புள்ளி) பாதி முடி, பாதி திரை என்று விழும். கேமரா இரண்டையும் கலந்து ஒரே நிறமாகப் பதிவு செய்துவிடும். நரைமுடியின் நிறம் சிவப்பு 224, பச்சை 224, நீலம் 220 என்று வைத்துக்கொள்வோம் (ஒவ்வொன்றும் 0 முதல் 255 வரை). திரை 60, 110, 190. பாதிக்குப் பாதி கலந்தால் 142, 167, 205. இது முடியும் இல்லை, திரையும் இல்லை, வெளிறிய ஒரு நீலம். நீங்கள் எவ்வளவு கவனமாக வெட்டினாலும் இந்தப் பிக்சல் உங்களோடு வந்துவிடும். பின்னணியைத் தானாக நீக்கித் தரும் தளங்களில் போட்டு எடுத்தாலும் பெரும்பாலும் இதே கதைதான். அந்தப் பிக்சலைப் பாதி ஒளிபுகும்படி ஆக்கிவிடுவார்கள், அதன் நிறத்துக்குள் ஊறிய நீலம் அப்படியே இருக்கும்.

ஆகவே அந்தப் பிக்சலை அழித்தால் அதிலிருக்கும் பாதி முடியும் போய்விடும். பிக்சலை இருக்கும் இடத்திலேயே விட்டுவிட்டு அதன் நிறத்தை மட்டும் மாற்ற வேண்டும். கீழே வரும் எல்லாப் படிகளும் இந்த ஒன்றைச் செய்வதற்குத்தான்.

வேறு காரணங்களும் உண்டு. ஜேபெக் கோப்பு படத்தை 8-க்கு 8 பிக்சல் கட்டங்களாகப் பிரித்துச் சுருக்குவதால், ஓரங்களைச் சுற்றிப் புழுதி மாதிரி ஒரு பிசிறு சேரும். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் இன்னும் சுருக்கப்பட்டு வரும். அதனால் வாடிக்கையாளரிடம் "டாக்குமென்ட்டாக அனுப்புங்கள்" என்று கேட்டு வாங்குங்கள். பாதி வேலை அங்கேயே மிச்சம்.

படி 1: கோட்டைக் கண்ணுக்குத் தெரியவையுங்கள்

வெட்டிய பிஎன்ஜி படத்தைக் கிம்ப்பில் திறங்கள். லேயர் மெனுவில் நியூ லேயர் கொடுத்து மூன்று புதிய லேயர்களை (ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கும் தாள்கள் மாதிரி) உண்டாக்கிப் படத்துக்குக் கீழே வையுங்கள். ஒன்றில் கருப்பு, ஒன்றில் வெள்ளை, மூன்றாவதில் கடைசியாக வரப்போகும் பின்னணி நிறம். கண் குறியைத் தட்டி ஒவ்வொன்றாகக் காட்டி மறைத்துப் பாருங்கள். வெள்ளையில் தெரியாத கோடு கருப்பில் பளிச்சென்று தெரியும். கட்டம் போட்ட வெற்றுப் பின்னணியை வைத்துக்கொண்டு வேலை செய்ய வேண்டாம், அது கண்ணை ஏமாற்றும்.

விசைப்பலகையில் 3-ஐ அழுத்தினால் 400 சதவீதம் பெரிதாகும், 1-ஐ அழுத்தினால் உண்மையான அளவுக்குத் திரும்பும். இந்த இரண்டுக்கும் இடையே அடிக்கடி போய்வாருங்கள். பெரிதாக்கியே பார்த்துக்கொண்டிருந்தால் தேவையில்லாத இடத்தையெல்லாம் சரிசெய்யத் தோன்றும்.

வேலையைத் தொடங்கும் முன் ஷிஃப்ட், கன்ட்ரோல், டி மூன்றையும் சேர்த்து அழுத்திப் பட லேயரை நகல் எடுத்து, அசலை மறைத்துவையுங்கள்.

படி 2: ஒளிபுகும் தன்மையை மாஸ்க்குக்கு மாற்றுங்கள்

புதிதாகக் கற்பவர்கள் பலர் தாண்டிப்போகும் இடம் இது. லேயர் → மாஸ்க் → ஆட் லேயர் மாஸ்க் என்று போங்கள். வரும் பெட்டியில் "டிரான்ஸ்ஃபர் லேயர்ஸ் ஆல்ஃபா சேனல்" என்பதைத் தேர்ந்தெடுங்கள். ஆல்ஃபா என்றால் ஒளிபுகும் தன்மை.

இப்போது நிறம் தனியாகவும் வடிவம் தனியாகவும் பிரிந்துவிட்டன. லேயர் பட்டியலில் இரண்டு சிறு படங்கள் பக்கத்தில் பக்கத்தில் தெரியும். இடப்பக்கம் நிறம், வலப்பக்கம் கருப்பு வெள்ளையில் மாஸ்க். மாஸ்க்கில் வெள்ளை என்றால் தெரியும், கருப்பு என்றால் மறையும், சாம்பல் என்றால் பாதி தெரியும். எதன் மேல் சொடுக்குகிறீர்களோ அதில்தான் வேலை நடக்கும். தவறான பக்கத்தில் தீட்டிவிட்டு விழிப்பது எல்லோருக்கும் நடக்கும், பிரஷ்ஷை எடுக்கும் முன் ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள்.

மாஸ்க்கின் மேல் வலச்சொடுக்கி "டிஸேபிள் லேயர் மாஸ்க்" கொடுத்துப் பாருங்கள். மாஸ்க்கைச் சுற்றி சிவப்புக் கட்டம் வரும். கிம்ப்பிலேயே வெட்டிய படமாக இருந்தால், போய்விட்டதாக நினைத்த நீலத் திரை உள்ளே முழுசாக இருப்பது தெரியும். முடியின் ஓரத்தில் அந்த நீலம் எவ்வளவு தூரம் ஊடுருவியிருக்கிறது என்று நன்றாகப் பார்த்துவிட்டு மாஸ்க்கைத் திரும்பப் போட்டுவிடுங்கள்.

படி 3: சேலை, தோள், கை

இவை தெளிவான ஓரங்கள். ஒரு பிக்சல் உள்ளே தள்ளினால் யாருக்கும் தெரியாது, கோடும் போய்விடும். ஆனால் இதை முடியில் செய்யக் கூடாது. அதனால் எஃப் விசையை அழுத்தி (ஃப்ரீ செலக்ட் கருவி வரும்), முடி இருக்கும் பகுதியைச் சுற்றித் தாராளமாகக் கோடு போட்டு என்டர் கொடுங்கள். பிறகு கன்ட்ரோல், ஐ அழுத்தினால் தேர்வு திரும்பி, முடி தவிர மற்றதெல்லாம் தேர்வாகும்.

மாஸ்க்கின் மேல் சொடுக்கிவிட்டு ஃபில்டர்ஸ் → ஜெனரிக் → இரோட் கொடுங்கள். மாஸ்க்கின் கருப்பு ஒரு பிக்சல் உள்ளே நகரும். கோடு இன்னும் இருந்தால் இன்னொரு தடவை. மூன்றாவது தடவை தேவைப்பட்டால் வெட்டியதே சரியில்லை என்று அர்த்தம், அந்த இடத்தை மறுபடி வெட்டுங்கள். ஓரம் கத்தரித்த அட்டை மாதிரி கூர்மையாகத் தெரிந்தால், மாஸ்க்கில் 0.5 அளவுக்கு காஸியன் பிளர் (ஓரத்தை மென்மையாக்கும் ஃபில்டர்) போதும்.

படி 4: முடி

இதில் அவசரப்படக் கூடாது. அந்த அம்மாவின் படத்தில் இந்த ஒரு படிக்கு மட்டும் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது.

முதலில் ஷிஃப்ட், கன்ட்ரோல், ஏ அழுத்தித் தேர்வை நீக்குங்கள். இடப்பக்கத்து நிறப் படத்தின் மேல் சொடுக்குங்கள். பெயின்ட்பிரஷ் எடுத்து, ஓரம் மென்மையான பிரஷ்ஷாகத் தேர்ந்தெடுங்கள். கன்ட்ரோலை அழுத்திக்கொண்டு, ஓரத்திலிருந்து சற்று உள்ளே, கோடு எட்டாத இடத்து முடியின் மேல் சொடுக்கினால் அந்த நிறம் பிரஷ்ஷுக்கு வந்துவிடும்.

இனி முக்கியமானது பிரஷ்ஷின் மோடு, அதாவது தீட்டும் நிறம் கீழே இருக்கும் நிறத்தோடு எப்படிச் சேர வேண்டும் என்பது. நம் படத்தில் நரைமுடி வெளிர், ஊறிய திரை நிறம் அதைவிட இருட்டு. ஆகவே "லைட்டன் ஒன்லி". இதில் தீட்டினால் நீங்கள் எடுத்த நிறத்தைவிட இருட்டாக இருக்கும் பிக்சல் மட்டும் மாறும், வெளிச்சமானதைத் தொடாது. முழு அடர்த்தியில் தீட்டினால் 142, 167, 205 என்று இருந்த அந்தப் பிக்சல் 224, 224, 220 ஆகிவிடும். அது எவ்வளவு தெரிய வேண்டும் என்பதை மாஸ்க் பார்த்துக்கொள்ளும். கருப்பு முடியை வெள்ளைச் சுவர் முன்னால் எடுத்திருந்தால் இதற்கு நேர்மாறாக "டார்க்கன் ஒன்லி" போடுங்கள்.

ஓபாசிட்டியை (தீட்டும் நிறத்தின் அடர்த்தி) 40 சதவீதத்தில் வைத்து, தேவைப்பட்டால் சில தடவை, முடி வளரும் திசையிலேயே, உள்ளிருந்து வெளியே தீட்டுங்கள். ஓரத்தைத் தாண்டிப் போனாலும் கவலையில்லை, அங்கே மாஸ்க் மறைத்துக்கொள்ளும். இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு தடவை நிறத்தை மாற்றி எடுங்கள். அந்த அம்மாவின் உச்சிப் பக்கம் முடி வெள்ளையாக இருந்தது, காதோரம் கொஞ்சம் கருமை பாக்கி இருந்தது. ஒரே நிறத்தை முழுக்கத் தீட்டியிருந்தால் தொப்பி வைத்த மாதிரி ஆகியிருக்கும்.

தீட்டி முடித்த பிறகு முடியைச் சுற்றிப் புகை மாதிரி ஒரு வெண்மை தெரியலாம். மாஸ்க்கில் கிட்டத்தட்ட கருப்பாக இருக்க வேண்டிய இடங்கள் முழுக் கருப்பாக இல்லாததுதான் காரணம். முடிப் பகுதியை மட்டும் தேர்ந்தெடுத்து, மாஸ்க்கின் மேல் சொடுக்கி, கலர்ஸ் → லெவல்ஸ் திறந்து, இன்புட்டின் இடப்பக்கக் கருப்பு முக்கோணத்தை 0-லிருந்து 20, 25 வரை மெல்ல நகர்த்துங்கள். புகை கலைந்து முடி நிற்கும் இடத்தில் நிறுத்துங்கள். அதற்கு மேல் போனால் மெல்லிய முடிகள் ஒவ்வொன்றாகக் காணாமல் போகும்.

இரண்டு மூன்று முடி ஏற்கனவே போய்விட்டிருந்தால், மாஸ்க்கில் ஒரு பிக்சல் அல்லது இரண்டு பிக்சல் வெள்ளை பிரஷ்ஷால் ஓரிரு இழைகளை வரைந்துவிடலாம். நிறம் ஏற்கனவே வெளியே வரை தீட்டியிருப்பதால் இழை சரியான நிறத்திலேயே வரும்.

படி 5: முகத்தில் விழுந்த சாயல்

திரையில் பட்டுத் திரும்பும் வெளிச்சம் கழுத்து, தாடை, காது மடலில் லேசாக நீலம் பூசியிருக்கும். பிரஷ் மோடை "எச்எஸ்எல் கலர்" என்று மாற்றி, பக்கத்துத் தோலின் நிறத்தை எடுத்து, ஓபாசிட்டி 20 சதவீதத்தில் ஒரு தடவை, இரண்டு தடவை தடவுங்கள். வெளிச்சமும் நிழலும் அப்படியே இருக்கும், நிறம் மட்டும் மாறும்.

வெள்ளைப் பின்னணியில் எடுத்த பாஸ்போர்ட் படமாக இருந்தால்

கருப்பு முடி, ஒரே சீரான வெள்ளை என்றால் சுலபமான வழி ஒன்று உண்டு. வெட்டாத அசல் படத்தை இன்னொரு லேயராக வைத்து, முடியின் வெளியோரத்தை மட்டும் தேர்ந்தெடுத்து, கலர்ஸ் → கலர் டு ஆல்ஃபாவில் வெள்ளையைக் கொடுங்கள். ஒவ்வொரு பிக்சலிலும் எவ்வளவு வெள்ளை கலந்திருக்கிறது என்று கணக்கிட்டு அதை மட்டும் கழித்துவிடும். முழுப் படத்துக்கும் கொடுத்துவிடாதீர்கள். கண்ணின் வெள்ளையும் பல்லும் வெள்ளைச் சட்டையும் சேர்ந்து ஒளிபுகும்படி ஆகிவிடும்.

போட்டோஷாப்பில்

லேயர் → மேட்டிங் → டிஃப்ரின்ஜ் திறந்து 1 அல்லது 2 பிக்சல் கொடுத்தால், ஓரத்துப் பிக்சல்களுக்கு உள்ளே இருக்கும் நிறத்தை எடுத்துப் பூசிவிடும். சேலை, சட்டைக்கு இது போதும். அதே இடத்தில் ரிமூவ் ஒயிட் மேட், ரிமூவ் பிளாக் மேட் இரண்டும் இருக்கின்றன. வெள்ளை அல்லது கருப்புப் பின்னணியிலிருந்து மென்மையான ஓரத்தோடு வெட்டிய படத்துக்கு அவை. லேயரில் மாஸ்க் இருந்தால் ஒரு நகல் எடுத்து, அதில் மாஸ்க்கை அப்ளை செய்துவிட்டுப் பிறகு இவற்றைக் கொடுங்கள்.

முடிக்கு செலக்ட் அண்ட் மாஸ்க்கில் இருக்கும் டிகன்டாமினேட் கலர்ஸைப் பாருங்கள். அளவை 100-ல் வைத்தால் பக்கத்து நிறங்கள் முகத்துக்குள் கசியலாம், 50-லிருந்து தொடங்குங்கள். அது விட்டுவைத்த இடத்தை, படி 4-ல் சொன்னபடி கையால் தீட்டுங்கள். அங்கே மோடின் பெயர் லைட்டன், டார்க்கன்.

அச்சுக்குப் போகும் முன்

10 அடி அகல பேனரை 3600 பிக்சலில் செய்தால் ஒரு அங்குலத்துக்கு 30 பிக்சல், ஒரு பிக்சல் ஏறக்குறைய 0.85 மில்லிமீட்டர். திரையில் நீங்கள் கவனிக்காமல் விட்ட இரண்டு பிக்சல் கோடு, ஃபிளெக்ஸில் 1.7 மில்லிமீட்டர் தடிமனில் நிற்கும். அதனால் படி 1-ல் வைத்த கருப்பு, வெள்ளை லேயர்களை மறுபடி காட்டி ஓரம் முழுக்க ஒரு சுற்று வாருங்கள். காதுக்குப் பின்னால், கழுத்தும் தோளும் சேரும் மடிப்பு, கைக்கும் இடுப்புக்கும் நடுவே உள்ள இடைவெளி, இந்த மூன்றும்தான் பெரும்பாலும் விட்டுப்போகும் இடங்கள்.

சேமிக்கும்போது ஒளிபுகும் படம் வேண்டுமென்றால் பிஎன்ஜியாக ஏற்றுமதி செய்யுங்கள், ஜேபெக் ஒளிபுகும் தன்மையை வைத்துக்கொள்ளாது. கூடவே லேயர்களோடு கிம்ப்பின் சொந்த வடிவமான எக்ஸ்சிஎஃப் கோப்பையும் வைத்திருங்கள். அந்த மகன் இரண்டாம் ஆண்டுக்குப் பச்சைப் பின்னணியில் கேட்டு வந்தபோது, கீழே இருந்த அரக்கு லேயரின் நிறத்தை மட்டும் மாற்றி, அவர் டீ குடித்து முடிப்பதற்குள் கொடுத்தனுப்பினேன்.