குளுக்ககான் தன் ஏற்பியில் எப்படிப் பொருந்துகிறது? வரைந்தே புரிந்துகொள்ளலாம்

ஹார்மோன் சாவி, ஏற்பி பூட்டு என்று பாடப்புத்தகத்தில் படித்திருப்பீர்கள். பெப்டைட் ஹார்மோனை (அமினோ அமிலச் சங்கிலியாலான ஹார்மோனை) பொறுத்தவரை அந்த உவமை பாதி தூரம்தான் வரும். ஏன் என்று, ரத்தச் சர்க்கரையை உயர்த்தும் ஹார்மோனான குளுக்ககானை வைத்துப் பார்ப்போம். ஒரு தாளும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் குறுக்கே இரண்டு கோடுகள். இதுதான் கல்லீரல் செல்லின் சவ்வு, நடுவே கொழுப்பு. குளுக்ககான் 29 அமினோ அமிலங்கள் கோத்த சங்கிலி. நீரில் கரைந்து வருவதால் இந்தக் கொழுப்பைத் தாண்டாது; சேதியை வெளியில் வைத்தே சொல்லியாக வேண்டும்.

அடுத்து ஏற்பி. சவ்வை ஏழு முறை ஊடுருவும் சுருள்களை வட்டமாக நிறுத்துங்கள். நடுவில் ஒரு குழி கிடைக்கும். வெளிப்பக்கம் ஒரு உருண்டைப் பகுதியைச் சேருங்கள். மூன்று டைசல்பைடு பிணைப்புகள் (இரண்டு கந்தக அணுக்கள் இணைவது) அதன் வடிவத்தைக் காக்கின்றன.

இப்போது ஹார்மோனை வரைந்து, ஒரு முனையில் 1, மறுமுனையில் 29 என்று எழுதுங்கள். முதலில் பிடிபடுவது 29 உள்ள பின்முனை. அது சுருளாகி, 22-ஆம் இட ஃபினைல்அலனின், 23-ஆம் இட வாலின், 26-ஆம் இட லியூசின் ஆகிய நீரை விலக்கும் அமிலங்கள் உருண்டையின் பள்ளத்தில் ஒட்டிக்கொள்கின்றன. எல்லாமே வலுக்குறைந்த பிணைப்புகள், ஆகவே கழன்றும் போகலாம். இதுவரை செல்லுக்கு எந்தச் சேதியும் போகவில்லை!

அப்புறம்தான் 1 உள்ள முன்முனை சுருள்களின் நடுக் குழிக்குள் இறங்குகிறது. உடனே ஆறாவது சுருளின் உள்முனை வெளிப்புறமாக விலகும். அந்த இடத்தில், செல்லுக்குள் சேதியைக் கடத்தும் ஜி புரதம் வந்து பொருந்தி, தன்னிடமுள்ள GDP என்ற மூலக்கூறை விட்டு, அதைவிடப் பாஸ்பேட் ஒன்று கூடுதலான GTP-ஐ ஏற்கும். அதனால் செல்லுக்குள் சேதியைப் பரப்பும் சிறு மூலக்கூறான சைக்ளிக் ஏஎம்பி பெருகும். கல்லீரல் குளுக்கோஸை வெளியே விடும்.

ஆக, பிடிப்பது ஒரு முனை, தூண்டுவது இன்னொரு முனை. சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். முதல் ஹிஸ்டிடினை நீக்கி, 9-ஆம் இடத்தில் குளூட்டாமிக் அமிலத்தை வைத்தால், அந்தக் குளுக்ககான் ஏற்பியில் உட்கார்ந்துகொள்ளும், ஆனால் தூண்டாது. (இன்சுலினை இந்தப் படத்தில் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம், அதன் ஏற்பி வேறு வகை.)

இதே குடும்பத்து, குடலில் சுரக்கும் ஜிஎல்பி-1 ஹார்மோனின் முன்முனையில் டிபிபி-4 நொதி இரண்டே அமினோ அமிலங்களை வெட்டினால் போதும், தூண்டும் திறன் பெருமளவு போய்விடும். சர்க்கரை நோய்க்குத் தரும் சிட்டாகிளிப்டின் மாத்திரை தடுப்பது இந்த வெட்டைத்தான்.