முதியோர் இல்லத்தில் அம்மாவைப் பார்க்கப் போகிறவர்களுக்கு

பிள்ளைகள் ஓசூரிலும் பெங்களூரிலும் வேலையில் இருக்க, தர்மபுரிப் பக்கத்து அம்மாக்கள் பலர் மாதாமாதம் பணம் கட்டும் இல்லங்களில் இருக்கிறார்கள். நான் அரசு மருத்துவமனைச் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள். அப்படிப்பட்ட இல்லங்களிலிருந்து வார்டுக்கு வந்தவர்களின் முதுகைத் திருப்பிப் பார்த்திருக்கிறேன். வரவேற்பறையில் உட்கார்ந்து பேசிவிட்டுத் திரும்பாதீர்கள் என்பதுதான் என் முதல் பேச்சு.

சொல்லிவிட்டுப் போனால் குளிப்பாட்டிப் பவுடர் போட்டு உட்கார வைத்திருப்பார்கள். சாப்பாட்டு நேரத்தில் சொல்லாமல் போங்கள். படுத்த படுக்கையானவர் என்றால் ஒருக்களித்துப் படுக்க வைத்து, இடுப்புக்குக் கீழே நடு எலும்பையும் குதிகாலையும் பாருங்கள். சிவந்த இடத்தை விரலால் அழுத்தி எடுத்தால் வெளுத்துப் பிறகு சிவக்க வேண்டும். வெளுக்கவே இல்லையென்றால் படுக்கைப்புண் தொடங்கிவிட்டது. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிவிட ஆளில்லை என்று பெரும்பாலும் பொருள். மேல்கையில் விரல் பதிந்த கன்றல், மணிக்கட்டைச் சுற்றிக் கயிற்றுத் தடம், உலர்ந்த நாக்கு, கழன்று விழும் வளையல், பட்டப்பகலில் எழுப்பினாலும் எழாத தூக்கம் ஆகியவற்றையும் கவனியுங்கள். அந்தத் தூக்கத்துக்கு என்ன மாத்திரை, எந்த மருத்துவர் எழுதியது என்று சீட்டைக் கேளுங்கள். மகன்கள் கூச்சப்படுவார்கள், தங்கையையோ மனைவியையோ அழைத்துப் போகலாம்.

சந்தேகம் வந்தால் அங்கேயே சண்டை போட வேண்டாம். தேதி தெரியும்படி படம் எடுத்துக்கொண்டு அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள். 'வயசாகிவிட்டது, விழுந்துவிட்டார்' என்று நீங்களே மழுப்பாதீர்கள். பணி மருத்துவரிடம் நடந்ததைச் சொன்னால், காயம் எப்படி வந்தது என்று மருத்துவமனை எழுதிவைக்கும் விபத்துப் பதிவேட்டில் ஏறும். பிறகு வழக்கைத் தாங்கப்போவது அந்த ஒரு பக்கம்தான்.

அடுத்து காவல் நிலையம். கட்டிவைத்திருந்தால் அதை மனுவில் தெளிவாக எழுதுங்கள். சட்டவிரோதமாக அடைத்துவைத்தல், பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 127ஆம் பிரிவில் வரும். பதிய மறுத்தால் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குப் பதிவுத் தபாலில் அனுப்பலாம். பணம் வாங்கிக்கொண்டு, இயலாதவரை வேண்டுமென்றே கவனிக்காமல் விடுவதற்கு அதே சட்டத்தில் 357ஆம் பிரிவு இருக்கிறது: மூன்று மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். பலருக்கு இது தெரியாது. வழக்கறிஞருக்குச் செலவழிக்க முடியாதவர்கள் 15100க்குப் பேசி இலவசச் சட்ட உதவி கேட்கலாம். பெண்களுக்கு வருமான வரம்பு பார்ப்பதில்லை.

கோட்டாட்சியரிடம் போகச் சொல்வார்கள். ஆனால் 2007ஆம் ஆண்டின் மூத்த குடிமக்கள் சட்டப்படி அவருடைய தீர்ப்பாயம் முக்கியமாகப் பிள்ளைகளிடம் ஜீவனாம்சம் வாங்கித் தருவதற்கு. இல்லத்தைப் பற்றிய மனுவை மாவட்ட சமூக நல அலுவலரிடமும், திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்திலும் கொடுத்து ரசீது வாங்குங்கள். எங்கே தொடங்குவது என்று புரியாதவர்களுக்கு முதியோர் உதவி எண் 14567.

கட்டிய பணத்துக்கு நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுக்குள் வழக்குப் போடலாம். கட்டியது ஐந்து லட்சம் வரை என்றால் கட்டணமில்லை. ஆனால் கையில் காசு கொடுத்துவிட்டு ரசீது வாங்காதவர்கள்தான் நம் பக்கத்தில் அதிகம். அடுத்த மாதத்திலிருந்தாவது வங்கி வழியாகக் கட்டுங்கள்.