மெஷினிலிருந்து எழுந்து சூப்பர்வைசர் ஆனவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

திருப்பூரின் பின்னலாடை நிறுவனங்களில் லைன் சூப்பர்வைசர்களாக இருப்பவர்களில் பலர் ஒரு காலத்தில் அதே லைனில் ஓவர்லாக் (துணி ஓரம் தைக்கும் மெஷின்) ஓட்டியவர்கள். ஹெல்பராகச் சேர்ந்து, டெய்லராகி, கை வேகத்தாலும் வேலைச் சுத்தத்தாலும் மேலே வந்தவர்கள். பதவி உயர்ந்த மறுநாளே வேலை அடியோடு மாறிவிடுகிறது. அதை யாரும் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுப்பதில்லை. நேற்றுவரை தன் கை தைத்தால் போதும். இன்று முப்பது பேர் தைக்க வேண்டும், அவர்களோடு இருக்கும் உறவை வைத்துத்தான் வேலை நகர வேண்டும்.

அந்த உறவு எப்படி இருக்கிறது என்று கண்டுபிடிக்க நான் நம்பும் அளவுகோல் ஒன்றுதான்: லைனில் நடக்கும் கெட்ட செய்தி எவ்வளவு சீக்கிரம் சூப்பர்வைசர் காதுக்கு வருகிறது?

ஊசி உடைவதை எடுத்துக்கொள்வோம். ஊசி உடைந்தால் டெய்லர் உடனே மெஷினை நிறுத்த வேண்டும். எல்லாத் துண்டுகளையும் தேடி எடுத்து, ஒன்றுசேர்த்து முழு ஊசியாகிறதா என்று பார்த்து, பதிவேட்டில் ஒட்டிய பிறகே புது ஊசி கொடுக்க வேண்டும். ஒரு துண்டு கிடைக்காவிட்டாலும் அந்த மெஷினைச் சுற்றியிருக்கும் பீஸ்களைத் தனியே எடுத்து, உலோகம் கண்டறியும் கருவியில் விட வேண்டும். குழந்தைகள் உடையில் ஊசி முனை போய்விடக் கூடாது என்பதற்காக வெளிநாட்டு வாடிக்கையாளர்கள் கண்டிப்பாகக் கேட்கும் நடைமுறை இது. ஆனால் இந்த ஏற்பாடு முழுவதும் டெய்லர் வாயைத் திறப்பதில்தான் தொடங்குகிறது. போன வாரம் ஊசி உடைந்தபோது, “கண்ணு எங்க இருக்கு?” என்று லைன் முழுக்கக் கேட்கும்படி கத்திய சூப்பர்வைசரிடம் இந்த வாரம் அந்தப் பெண் சொல்லுவாரா? பக்கத்து மெஷினில் ஒரு ஊசி வாங்கிப் போட்டுக்கொண்டு தைப்பார். பதிவேடு சுத்தமாக இருக்கும். ஆபத்து பெட்டிக்குள் போயிருக்கும்.

இப்போது ஹார்வர்டில் பேராசிரியராக இருக்கும் ஏமி எட்மண்ட்சன், 1990களில் அமெரிக்க மருத்துவமனைகளில் மருந்து கொடுப்பதில் நேரும் பிழைகளை ஆராய்ந்தார். நல்ல தலைமையும் நல்ல உறவும் உள்ள குழுக்களில் பிழைகள் குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்தார். பதிவான பிழைகள் அங்கேதான் அதிகமாக இருந்தன. நடந்ததை நர்சுகள் அங்கே அஞ்சாமல் சொன்னார்கள் என்பதே அவர் வந்தடைந்த விளக்கம். ‘என் லைனில் ஒரு பிரச்சினையும் வருவதில்லை’ என்று பெருமைப்படும் சூப்பர்வைசர் இதைக் கொஞ்சம் நினைத்துப் பார்க்க வேண்டும்.

ஆகவே முதல் தவறு, செய்தி கொண்டுவந்தவரை அந்த இடத்திலேயே திட்டுவது. கண்டிக்க வேண்டியது இருந்தால் மெஷினை விட்டுத் தள்ளி அழைத்துப்போய், தனியாக, குரலைத் தாழ்த்திச் சொல்லலாம். அதற்கு முன் ஊசித் துண்டைத் தேட வேண்டும்.

இரண்டாவது தவறு மேல்நோக்கிய மௌனம். மேனேஜர் கொடுத்த டார்கெட்டை முடியாது என்று தெரிந்தே தலையாட்டி வாங்கிக்கொண்டு, அந்தச் சுமையை அப்படியே லைன் தலையில் இறக்குவது. இதற்கு வீரம் தேவையில்லை, கணக்கு போதும். ஒரு டி-சர்ட்டுக்கு 12 நிமிட வேலை, 30 பேர், 60 சதவீதத் திறன் என்றால் மணிக்கு 90 பீஸ். இரண்டு பேர் வரவில்லை என்றால் 84. எட்டு மணி நேரத்தில் 48 பீஸ் குறையும். இதைக் காலை ஒன்பது மணிக்கே சொன்னால் மேனேஜர் வேறு லைனிலிருந்து ஆள் தரலாம், ஷிப்மென்ட் தேதியைப் பேசலாம். மாலையில் சொன்னால் கோபப்படுவதைத் தவிர அவருக்கும் வேறு வழி இருக்காது. ஒன்றரை ஷிப்ட் ஓடும் நாளில் இரவு ஏழு மணிக்குக் கத்தி வாங்கும் வேகம், மறுநாள் செக்கிங் மேசையில் பிரித்துத் தைக்க வேண்டிய பீஸ்களாகத் திரும்பி வரும்.

பழைய நட்பை என்ன செய்வது என்பதில் பலர் தடுமாறுகிறார்கள். ஒரு சாரார் நேற்றுவரை “அக்கா” என்று கூப்பிட்டவரைத் திடீரெனப் பெயர் சொல்லி அதட்டத் தொடங்குகிறார்கள். பதவிக்கு மரியாதை வேண்டும் என்று நினைக்கிறார்கள் போலும். உங்களுக்குத் தையல் சொல்லிக்கொடுத்த அக்கா இன்றும் அக்காதான்; அப்படிக் கூப்பிட்டுக்கொண்டே அவரிடம் வேலையைக் கேட்டு வாங்க முடியும். இன்னொரு சாரார் பழைய தோழர்களுக்கு எளிதான பண்டில்களாக, அதாவது தைக்கக் கட்டி வரும் துணிக் கட்டுகளாகப் பார்த்துக் கொடுக்கிறார்கள். தைத்த பீஸ் கணக்கில் கூலி தரும் பீஸ் ரேட் உள்ள இடத்தில் இது நேரடியாகச் சம்பளத்தில் கை வைப்பது. யாருக்கு எந்தப் பண்டில் போகிறது என்பதை லைன் முழுக்க அமைதியாகக் கவனித்துக்கொண்டே இருக்கிறது. சுழற்சி முறையில் கொடுங்கள், அதை எல்லோருக்கும் தெரியும்படி செய்யுங்கள்.

ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்தவர்களைப் பெயர் கேட்காமல் “ஹிந்திக்காரன்” என்று கூப்பிடுவதும் தவறுதான். ஒடிசாக்காரரின் தாய்மொழி ஒடியா என்பதுகூடத் தெரியாமல் இருக்கும். பெயரையும், ‘நிறுத்து’, ‘உடைந்தது’, ‘உடம்பு சரியில்லையா’ என்ற நாலைந்து சொற்களையும் அவர்கள் மொழியில் கற்றுக்கொள்ள ஒரு வாரம் போதும்.

கடைசித் தவறை மற்றவற்றோடு சேர்த்து எண்ணவே மனம் வரவில்லை. பெண்கள் பெரும்பான்மையாக இருக்கும் லைனில் சீண்டல், இரட்டை அர்த்தப் பேச்சு, தோளில் கை போடுவது, லீவு கேட்டால் பதிலுக்கு எதையோ எதிர்பார்ப்பது. திண்டுக்கல் பகுதியில் ஓர் ஆடை ஆலையில் வேலை பார்த்த இளம் பெண் 2021 ஜனவரியில் கொல்லப்பட்டு, அந்த வழக்கில் அவருடைய சூப்பர்வைசரே கைதானார். தொழிற்சங்கப் பெண்களின் போராட்டத்துக்குப் பிறகு 2022இல் கையெழுத்தான திண்டுக்கல் ஒப்பந்தம், தொழிலாளர்களிலிருந்தே கண்காணிப்பாளர்களைத் தேர்ந்தெடுத்து, தொல்லையை ஆரம்பத்திலேயே கவனித்துச் சொல்லும் பொறுப்பை அவர்களுக்குக் கொடுத்தது.

உங்களிடம் ஒரு பெண் இப்படிப்பட்ட புகாரோடு வந்தால், “நான் பேசிக்கொள்கிறேன், பெரிதாக்க வேண்டாம்” என்று சொல்லாதீர்கள். சமரசம் பேசும் அதிகாரம் உங்களுக்கு இல்லை. பணியிடத்தில் பெண்களுக்கு நேரும் பாலியல் தொல்லையைத் தடுக்கும் 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி, பத்து பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் ஒவ்வோர் இடத்திலும் உள்புகார்க் குழு இருக்க வேண்டும். சம்பவம் நடந்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் புகார் தரலாம், தகுந்த காரணம் இருந்தால் இன்னும் மூன்று மாதம் நீட்டிக்கலாம். குழுவில் யார் யார் இருக்கிறார்கள் என்று இன்றே தெரிந்துகொள்ளுங்கள். அந்தப் பெண் விரும்பினால் அவரோடு நடந்து போய், எழுதவும் உதவுங்கள். அன்று அவருடைய பீஸ் கணக்கு குறைந்தால், அதற்கு மேனேஜரிடம் நீங்கள் பதில் சொல்லுங்கள்.