கொலம்பஸ் பார்க்கப் போகிறவர்கள் செய்யும் தவறுகள்

முதல் தவறு விமான டிக்கெட் எடுக்கும்போதே நடந்துவிடுகிறது. கொலம்பஸ் என்று தேடினால் முதலில் வந்து நிற்பது ஓஹையோ மாநிலத்தின் தலைநகரம். நான் சொல்லும் கொலம்பஸ், பெரிய கட்டடக் கலைஞர்களின் நவீனக் கட்டடங்களைப் பார்க்க மக்கள் தேடி வரும் சிற்றூர்; அது இந்தியானா மாநிலத்தில் இருக்கிறது. இரண்டுக்கும் நடுவே காரில் மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகும். இந்தியானா கொலம்பஸுக்கு வர வேண்டுமென்றால் இண்டியானாபொலிஸில் இறங்கி, ஐ-65 நெடுஞ்சாலையில் தெற்கே ஒரு மணி நேரம் போல வண்டி ஓட்ட வேண்டும். பயணிகள் ரயில் கிடையாது.

சிகாகோவிலிருந்து காரில் வருகிறவர்களுக்குக் காத்திருப்பது கடிகாரச் சிக்கல். தூரம் சுமார் நான்கு மணி நேரம்தான். ஆனால் சிகாகோ மத்திய நேரத்தில் ஓடுகிறது, கொலம்பஸ் கிழக்கு நேரத்தில். காலை எட்டு மணிக்குக் கிளம்பினால் பகல் பன்னிரண்டுக்குப் போய்விடலாம் என்று கணக்குப் போட்டவர், உள்ளூர் நேரம் ஒரு மணிக்கு வந்து இறங்குவார். அதற்குள், ஊரின் புகழ்பெற்ற வீடான மில்லர் இல்லத்துக்குப் பார்வையாளர்களை அழைத்துப் போகும் வண்டி கிளம்பியிருக்கும்.

அந்த வீட்டை நேரே போய்க் கதவைத் தட்டிப் பார்த்துவிடலாம் என்று நினைப்பதும் அடிக்கடி நடக்கிற தவறு. கட்டடக் கலைஞர் ஈரோ சாரினென் வடிவமைத்து 1957-இல் கட்டி முடித்த வீடு அது. தோட்டம் டான் கைலியின் கைவேலை, உள் அலங்காரம் அலெக்சாண்டர் ஜிரார்டுடையது. வரவேற்பறையின் தரையில் சதுரமாகப் பள்ளம் இறக்கி, அதற்குள்ளேயே இருக்கைகளை அமைத்திருக்கிறார்கள். படத்தில் பார்த்தவர்கள் எல்லாரும் கேட்பது அந்தப் பள்ளத்தைப் பற்றித்தான். முன்பதிவு செய்து, ஐந்தாம் தெருவில் உள்ள பார்வையாளர் மையத்துக்குப் போனால், சிறு குழுவாக அங்கிருந்து அழைத்துச் செல்வார்கள். இடங்கள் குறைவு. ஊருக்கு வரும் தேதியை முடிவு செய்துவிட்டு டிக்கெட் தேடுவதைவிட, டிக்கெட் கிடைக்கும் தேதிக்கு ஊருக்கு வருவது நல்லது.

ஐம்பதாயிரம் பேர் வசிக்கும் ஒரு தொழில் நகரத்தில் இவ்வளவு பெரிய கட்டடக் கலைஞர்களுக்கு என்ன வேலை? விடை கம்மின்ஸ். 1919-இல் இங்கே தொடங்கிய டீசல் இன்ஜின் நிறுவனம் அது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் குழந்தைகள் பெருகி, அவசர அவசரமாகப் பள்ளிகள் கட்ட வேண்டி வந்த காலத்தில், நிறுவனத்தை நடத்திய, மில்லர் இல்லத்தின் சொந்தக்காரரான ஜே. இர்வின் மில்லர் பள்ளி வாரியத்திடம் ஒரு யோசனை சொன்னார். நாங்கள் தரும் பட்டியலிலிருந்து ஒரு கட்டடக் கலைஞரைத் தேர்ந்தெடுங்கள், அவருக்கான கட்டணத்தை எங்கள் அறக்கட்டளை தரும் என்பதே அது. கட்டடச் செலவு வழக்கம்போல வாரியத்துடையது. 1957-இல் ஹாரி வீஸ் கட்டிய பள்ளியில் தொடங்கிய அந்த ஏற்பாடு பிறகு தீயணைப்பு நிலையம் போன்ற பொதுக் கட்டடங்களுக்கும் விரிந்தது.

இந்தப் பின்னணி தெரியாமல் வருகிறவர்கள் ஊரையே அருங்காட்சியகமாக நினைத்துக்கொள்கிறார்கள். காரைவிட்டு இறங்காமல், வரைபடத்தில் உள்ள புள்ளி ஒவ்வொன்றின் முன்னும் அரை நிமிடம் நின்று, கண்ணாடியை இறக்கிப் படம் எடுத்துக்கொண்டு போகிறார்கள். என் பார்வையில் இதுதான் இருப்பதிலேயே பெரிய தவறு. இவை மக்கள் புழங்குவதற்காகக் கட்டியவை. புழங்கினால்தான் புரியும். பள்ளிகளுக்குள் மட்டும் நுழையாதீர்கள், வகுப்பு நடக்கிற இடம்.

நூலகத்தில் தொடங்குங்கள். ஐ. எம். பெய் வடிவமைத்து 1969-இல் திறந்த செங்கல் கட்டடம். காசு கொடுக்க வேண்டாம், யாரும் எதுவும் கேட்கப் போவதில்லை. வாசலில் உள்ள செங்கல் முற்றத்தில் ஹென்றி மூரின் வெண்கல வளைவு நிற்கிறது. இருபது அடி உயரம், வெயிலிலும் மழையிலும் நின்று பச்சையேறிப்போனது. அதைச் சுற்றி வந்து படம் எடுப்பவர்கள் அதிகம், அதன் அடியில் நடந்து போகிறவர்கள் குறைவு. நூலகத்துக்கு முதுகைக் காட்டி அந்த வளைவுக்குள் நின்று பாருங்கள். தெருவுக்கு அந்தப் பக்கம் ஈரோவின் தந்தை எலியல் சாரினென் 1942-இல் கட்டிய முதல் கிறிஸ்தவ தேவாலயம் தெரியும். கூம்பு இல்லை, வளைவுகள் இல்லை. பெட்டி போன்ற உடல், அதை விட்டுச் சற்று விலகி 166 அடி உயரச் செங்கல் கோபுரம். அந்தக் காலத்து விசுவாசிகள் இதை எப்படி ஏற்றுக்கொண்டார்கள் என்ற வியப்பு எனக்கு இன்னும் தீரவில்லை. உள்ளே போக முடிந்தால், எலியலும் அவர் மனைவி லோயா சாரினெனும் வடிவமைத்த, இயேசுவின் மலைப்பொழிவைக் காட்டும் திரைச்சீலையைத் தேடிப் பாருங்கள். ஞாயிறு காலை வழிபாட்டு நேரத்தில் கேமராவோடு போய் நிற்க வேண்டாம்.

இன்னொரு தேவாலயத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். வடக்கு கிறிஸ்தவ தேவாலயம் ஈரோ சாரினெனின் கடைசி வடிவமைப்புகளில் ஒன்று. அவர் 1961-இல் இறந்தார், கட்டடம் 1964-இல் முடிந்தது. அறுகோணக் கூரையிலிருந்து ஊசிபோல 192 அடி உயரத்துக்கு எழும் அதன் கூம்பைத் தொலைவிலிருந்தே பார்க்கலாம். பழைய வழிகாட்டிகளை நம்பி ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குப் போனால் ஏமாற்றம்தான். அந்தச் சபை 2022-இல் கலைந்துவிட்டது, கட்டடம் மாவட்டப் பொது நூலகத்தின் பொறுப்புக்கு வந்துவிட்டது. உள்ளே அனுமதி உண்டா என்று பார்வையாளர் மையத்தில் கேட்டுக்கொண்டு கிளம்புங்கள்.

பிரம்மாண்டத்தை எதிர்பார்ப்பதால் கண்ணில் படாமல் போகும் கட்டடங்களும் உண்டு. ராபர்ட் வென்டூரியின் நான்காம் எண் தீயணைப்பு நிலையம் அப்படிப்பட்டது. வெள்ளைச் செங்கல் முகப்பு, தண்ணீர்க் குழாய்களை உலர்த்த ஒரு கோபுரம், அதில் பெரிதாக '4'. சாதாரணமாகத் தெரிய வேண்டும் என்றே கட்டியது. சாதாரணமாக இருக்கிறதே என்று குறைப்படுபவர்களைப் பார்த்தால் வென்டூரி மகிழ்ந்திருப்பார். டவுன்டவுனில் ஈரோ சாரினென் 1954-இல் கட்டிய இர்வின் யூனியன் வங்கியும் அப்படித்தான். மரங்களுக்கு நடுவே ஒற்றை மாடிக் கண்ணாடிப் பெட்டி, கூரைமேல் ஒன்பது சிறு குவிமாடங்கள். வங்கி என்றாலே கல் தூணும் கம்பிக் கூண்டும் என்றிருந்த காலத்தில், காசாளரைத் தெருவிலிருந்தே பார்க்கும்படி செய்த கட்டடம். இன்று அது வங்கி இல்லை; பின்னாளில் கூட்ட அரங்காக மாறியது.

கம்மின்ஸில் வேலை பார்க்கும் இந்தியக் குடும்பங்கள் இங்கே நிறைய. ஊரிலிருந்து வந்திருக்கும் அம்மா அப்பாவைக் கட்டடம் கட்டடமாக அழைத்துப் போய்க் களைப்படையச் செய்வது அந்த வீடுகளில் நடக்கும் தவறு. டவுன்டவுனில் காமன்ஸ் என்ற பொதுக்கூடத்துக்குப் பேரக்குழந்தைகளோடு அனுப்பிவிடுங்கள். ஜான் டிங்கேலியின் முப்பது அடி உயர இயந்திரச் சிற்பம் அங்கே இருக்கிறது. பெயர் 'கேயாஸ் ஒன்று'. அது சுழன்று இரும்புக் குண்டுகளை உருட்டத் தொடங்கினால் தாத்தாவும் நகர மாட்டார். மில் ரேஸ் பூங்காவும் நடக்க நல்ல இடம், ஆனால் ஆற்றங்கரை. பெருமழை பெய்த வாரத்தில் பாதை தண்ணீருக்குள் இருக்கலாம்.

அக்டோபர் வார இறுதியில் இலை நிறம் மாறுவதைப் பார்க்க மேற்கே பிரவுன் கவுன்டிக்கும் போய்விட்டு, அதே நாளில் கொலம்பஸையும் முடித்துவிடலாம் என்று திட்டம் போடாதீர்கள். 46-ஆம் எண் சாலையில் அன்றைக்குக் கார்கள் ஊர்ந்துதான் போகும். கொலம்பஸுக்கென்றே வருபவர்கள் ஒற்றைப்படை ஆண்டைத் தேர்ந்தெடுக்கலாம். எக்ஸிபிட் கொலம்பஸ் கண்காட்சிக்காகப் புதிய தலைமுறைக் கலைஞர்கள் இந்தக் கட்டடங்களுக்குப் பக்கத்திலேயே தங்கள் படைப்புகளை நிறுவுவது அந்த ஆண்டுகளில்தான்.

சாப்பாட்டில் ஓர் எச்சரிக்கை. வாஷிங்டன் தெருவில் 1900-இல் திறந்த ஜஹராகோஸ் ஐஸ்கிரீம் கடைக்குப் போகாமல் யாரும் திரும்புவதில்லை, போகவும் வேண்டும். பளிங்கு மினுக்கும் பழைய சோடா மேடையும் தானாக வாசிக்கும் இசைப்பெட்டியும் பார்க்க வேண்டியவை. ஆனால் அங்கே புகழ்பெற்ற காம் சீஸ் சாண்ட்விச்சைப் பெயரில் உள்ள சீஸை நம்பிச் சைவக்காரர்கள் வாங்கிவிடக்கூடாது. உள்ளே இருப்பது அரைத்த மாட்டிறைச்சி.