அழையாத மீட்டிங் காலண்டரில் ஏறாமல் தடுக்க

யாரென்றே தெரியாத ஒருவர் அனுப்பிய ‘பரிசு விழுந்திருக்கிறது’ மீட்டிங், நாளைய காலண்டரில் கேட்காமலே ஏறியிருக்கிறது. எரிச்சலில் பலரும் ‘வரவில்லை’ என்று பதில் அழுத்திவிடுவார்கள். செய்யவே கூடாத காரியம் அது. அந்தப் பதில் அனுப்பியவருக்கே போகும். இந்த முகவரியை ஒருவர் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று அவருக்கு உறுதியாகிவிடும். 2016-ல் ஆப்பிளின் ஐகிளவுட் காலண்டர்களில் ஸ்பாம் அழைப்புகள் குவிந்தபோது எழுந்த சிக்கலும் இதுதான். குப்பை என்று புகார் செய்யும் வசதியை ஆப்பிள் அதன் பிறகே சேர்த்தது. கூகுள் காலண்டரிலும் அந்தப் பதிவைத் திறந்து ஸ்பாம் எனப் புகாரளிக்கலாம்.

மெயிலை அழித்தால் போதும் என்பது இன்னொரு நினைப்பு. மெயிலோடு வரும் ஐசிஎஸ் (மீட்டிங் விவரங்கள் அடங்கிய) கோப்பைப் படித்து, காலண்டர் தனக்கென ஒரு பதிவை உண்டாக்கிக்கொள்கிறது. ஜிமெயிலில் மெயில் குப்பைக்குப் போனாலும் காலண்டர் பதிவு அசையாது.

ஒவ்வொன்றாக அழித்துக்கொண்டிருப்பதைவிட, செட்டிங்ஸைத் தொடுவதே மேல். கூகுள் காலண்டரில் அழைப்புகளைச் சேர்ப்பதற்கு மூன்று வழிகள் உண்டு: யார் அனுப்பினாலும் சேர்ப்பது, அனுப்புபவர் தெரிந்தவராக இருந்தால் மட்டும் சேர்ப்பது, மெயிலில் நாம் பதில் சொன்ன பிறகே சேர்ப்பது. நடுவில் உள்ளது 2022-ல் வந்தது. நம் தொடர்புப் பட்டியலில் இருப்பவர், ஒரே நிறுவனத்தவர், முன்பு தொடர்பில் இருந்தவர் எல்லாம் அதன் கணக்கில் தெரிந்தவர்கள். பெரும்பாலானோருக்கு இதுவே பொருந்தும் என்பேன். கோபத்தில் மூன்றாவதைத் தேர்ந்தெடுத்துவிட்டு, மேலாளரின் அழைப்புக்குப் பதில் போட மறந்தால், அந்த மீட்டிங் காலண்டரில் தெரியாது, நினைவூட்டலும் வராது. மெயிலுக்குத் தவறாமல் பதில் போடும் பழக்கம் உள்ளவர்களுக்கு மட்டுமே அது சரிப்படும்.

இதை மாற்றிய பிறகும் விமான டிக்கெட், ஹோட்டல் முன்பதிவு எல்லாம் காலண்டரில் வந்து விழுந்தால் குழம்ப வேண்டாம். அவை யாரும் அனுப்பிய அழைப்புகள் அல்ல. ஜிமெயில் நம் மெயிலிலிருந்து தானே எடுத்துப் போடுபவை. அதே செட்டிங்ஸ் பக்கத்தில் அதற்குத் தனி ஸ்விட்ச் இருக்கிறது. அவுட்லுக்கிலும் மெயிலிலிருந்து உருவாகும் நிகழ்வுகளுக்குத் தனி அமைப்பு உண்டு.

ஐபோனில் ‘வைரஸ் எச்சரிக்கை’ என்று நாள்தோறும் நினைவூட்டல் வந்தால், பெரும்பாலும் அது அழைப்பே அல்ல. ஏதோ ஒரு தளத்தில் கைதவறி அழுத்தியதில் சந்தாவாகச் சேர்ந்துவிட்ட காலண்டராக இருக்கும். ஒவ்வொரு நிகழ்வாக அழிக்க முயன்று பயனில்லை. அந்தச் சந்தாவையே நீக்க வேண்டும்.