ஓவர்டோஸ் ஆலோசனை: பதினைந்து நிமிடத்தில் சறுக்கும் இடங்கள்

போதைச் சிகிச்சை மாத்திரையான புப்ரனார்ஃபினுக்காக மையத்தில் வரிசையில் நிற்பவர், மீட்பு வார்டிலிருந்து நாளை வீட்டுக்குப் போகிறவர், ஜாமீனில் வெளியே வந்து நாலு நாள் ஆனவர். இவர்களோடு உட்கார்ந்து பேச ஒரு கவுன்சிலருக்குக் கிடைப்பது பத்து, பதினைந்து நிமிடம். அதற்குள் யாரையும் போதையிலிருந்து விடுவிக்க முடியாது. ஆனால் அடுத்த மாதம் அவர் ஓவர்டோஸில், அதாவது அளவு மீறி எடுத்ததில், மூச்சு நின்று சாகாமல் இருக்க வழி செய்ய முடியும். இரண்டும் வேறு வேறு வேலை. முதல் வேலையைச் செய்யப் போய் இரண்டாவதைக் கோட்டை விடுவதுதான் அதிகம் நடக்கிறது.

ஓபியாய்டு, அதாவது ஹெராயின், மார்ஃபின் வகை மருந்து, ஆளைக் கொல்லும் விதம் நேரடியானது. மூச்சை ஓட்டும் மூளைத்தண்டுப் பகுதியை அது மந்தமாக்குகிறது. ரத்தத்தில் கரியமில வாயு ஏறினாலும் ‘மூச்சை இழு’ என்ற கட்டளை கிளம்பாது. மூச்சு குறைந்து, நின்று நின்று வந்து, பிறகு நின்றுவிடும். ஆக்சிஜன் இல்லாமல் இதயம் அதன் பின்னால் நிற்கும். பெரும்பாலும் இது ஒரு நொடியில் முடிவதில்லை. பல நிமிடங்கள், சில சமயம் ஒன்றிரண்டு மணி நேரம்கூட ஆகும். பேச வேண்டியதெல்லாம் அந்த இடைவெளியைப் பற்றித்தான்.

கேள்வியிலேயே தவறு

“ஓபியாய்டு எடுப்பீங்களா?” என்று கேட்டால் “இல்லை” என்றுதான் பதில் வரும். அந்த வார்த்தை தெருவில் கிடையாது. பவுடர், ஊசி, வலி மாத்திரை என்று அவரவர் சொல்லும் பெயரில் கேட்க வேண்டும். சென்னையில் டேபென்டடால் வலி மாத்திரையைக் கரைத்து ஊசியில் ஏற்றும் இளைஞர்களில் பலர் அதை ஹெராயின் வகையறாவாக நினைப்பதே இல்லை. மெடிக்கலில் கிடைக்கும் மாத்திரை, அவ்வளவுதான். விழுங்கினால் அந்த மாத்திரையில் சுமார் 32 சதவீதம்தான் ரத்தத்துக்குப் போய்ச் சேரும், மீதியைக் கல்லீரல் முதல் சுற்றிலேயே சிதைத்துவிடும் என்பதும் அவர்களுக்குத் தெரியாது. ஊசியில் போட்டால் அந்தத் தடுப்பு இல்லை. அதே மாத்திரை, அளவு மட்டும் மூன்று மடங்கு.

“ஓவர்டோஸ் ஆகியிருக்கா?” என்பதும் உதவாத கேள்வி. ஓவர்டோஸ் என்றால் செத்துப் போவது என்று நினைப்பவர், “அதெல்லாம் இல்லீங்க” என்பார். இப்படிக் கேட்டுப் பாருங்கள்: “போட்ட பிறகு யாராவது உங்களை உலுக்கி எழுப்ப வேண்டியிருந்ததா? உதடு நீலமா மாறினதா கூட இருந்தவங்க சொன்னாங்களா? நடுவுல என்ன நடந்ததுன்னே ஞாபகம் இல்லாத நாள் உண்டா?” பாதிப் பேர் அப்போதுதான் தலையாட்டுவார்கள். ஒருமுறை அப்படி ஆனவருக்கு மறுமுறை ஆகும் வாய்ப்பு அதிகம். ஆகவே அந்த நாளை விலாவாரியாகக் கேட்க வேண்டும்: என்ன எடுத்தார், எதோடு கலந்தார், எங்கே, யார் கூட இருந்தார், யார் எழுப்பினார். அவருக்குச் சொல்ல வேண்டிய புத்திமதி பெரும்பாலும் அவர் வாயிலிருந்தே வந்துவிடும்.

சுத்தமாக இருந்த நாட்களைக் கணக்கில் எடுக்காதது

இதுதான் உயிரை வாங்கும் தவறு. டிஸ்சார்ஜ் அன்று கழுத்தில் மாலை போடாத குறையாக வாழ்த்தி அனுப்புகிறோம். ஆனால் உடம்புக்கு அது வேறு கணக்கு. தினமும் எடுத்தபோது பழகியிருந்த தாங்குசக்தி, விட்ட சில நாட்களிலேயே இறங்கத் தொடங்குகிறது. இரண்டு மூன்று வாரத்தில் பெருமளவு போய்விடும். கைக்கு மட்டும் பழைய அளவுதான் ஞாபகம் இருக்கும்.

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலச் சிறைகளிலிருந்து விடுதலையானவர்களைப் பற்றி 2007இல் வெளிவந்த ஆய்வு ஒன்று உண்டு. வெளியே வந்த முதல் இரண்டு வாரத்தில் அவர்கள் போதைப்பொருள் ஓவர்டோஸால் இறக்கும் வாய்ப்பு, அதே மாநிலத்தின் பொதுமக்களைவிட 129 மடங்கு. சிறைக்கு மட்டும் பொருந்துவதல்ல இது. மீட்பு மையத்தில் ஒரு மாதம், எலும்பு முறிந்து ஆஸ்பத்திரியில் மூன்று வாரம், ஊரில் பாட்டி வீட்டில் அடைத்து வைத்த இருபது நாள் எல்லாம் ஒன்றுதான். ஓபியாய்டைத் தடுக்கும் நால்ட்ரெக்ஸோன் மாத்திரையை நிறுத்தியவரும், புப்ரனார்ஃபின் சிகிச்சையைப் பாதியில் விட்டவரும் இதே பட்டியலில்தான் வருகிறார்கள். சிகிச்சையை விட்ட முதல் நான்கு வாரம் மிக ஆபத்தானது.

“மறுபடி போடுறதுக்கு வழி சொல்லித் தர்ற மாதிரி ஆயிடாதா?” என்று சகப் பணியாளர்களே கேட்பார்கள். ஆகாது, சொல்லும் விதத்தில் சொன்னால். உதாரணமாக: “தம்பி, நீங்க திரும்பப் போட மாட்டேன்னு சொல்றதை நான் நம்புறேன். ஆனா உடம்பு இப்ப புதுசு மாதிரி. முன்னாடி சும்மா தாங்கின அளவு இப்ப மூச்சை நிறுத்திடும். ஒருவேளை ஒரு நாள் கை தவறிப் போச்சுன்னா, பழைய அளவை மறந்துடுங்க. கொஞ்சமா எடுத்துப் பார்த்துட்டுக் காத்திருங்க. தனியா இருக்காதீங்க.” அரை நிமிடப் பேச்சு. இதை அம்மா அப்பா முன்னால் சொன்னால் வீட்டில் சண்டை வரும். அவரிடம் தனியாகச் சொல்லிவிட்டு, அவர் சம்மதித்தால் மட்டும் குடும்பத்தாரைக் கூப்பிட்டு வேறு வார்த்தைகளில் சொல்லுங்கள்.

மருந்து ஒன்றைப் பற்றி மட்டும் பேசுவது

ஓவர்டோஸ் ஆகிறவர்களில் பலர் ஒன்றை மட்டும் எடுத்தவர்கள் அல்ல. மேலே ஒரு குவார்ட்டர், தூக்கத்துக்கு நைட்ரஸெபாம் அல்லது அல்பிரஸோலம், ஊசியில் ஏவிலோ (அலர்ஜி மருந்து) டயஸிபாமோ, அண்மைக் காலமாக நரம்பு வலிக்கான பிரிகாபலின். தனித்தனியாகப் பார்த்தால் வழக்கமான அளவுதான். சேர்ந்தால் எல்லாம் ஒரே பக்கம் இழுக்கும். “கலக்காதீங்க” என்று பொத்தாம்பொதுவாகச் சொன்னால் காற்றோடு போய்விடும். வரிசையைக் கேளுங்கள்: முதலில் குடியா, ஊசியா? குடித்த பிறகு அளவு தெரியாமல் போடுகிறவரா? அப்படியானால் பேச வேண்டியது அந்த ஒரு பழக்கத்தைப் பற்றித்தான்: இரண்டில் ஒன்றை மட்டும், அல்லது குடிக்கும் நாளில் ஊசியின் அளவைப் பாதியைவிடக் கீழே இறக்குவது.

விழுங்குகிறவரிடம் இன்னொரு கண்ணி இருக்கிறது. மாத்திரை ஏற ஒரு மணி நேரம்கூட ஆகலாம். ஏறவில்லையே என்று இரண்டாவதைப் போட்டால் இரண்டும் சேர்ந்து ஏறும். மெதுவாகக் கரையும் வகையை நசுக்கினால் பன்னிரண்டு மணி நேரத்துக்கான மருந்து ஒரே மூச்சில் இறங்கிவிடும். தோலில் ஃபென்டனில் வலிமருந்துப் பட்டை ஒட்டியிருக்கும் புற்றுநோயாளியிடம் இதற்கு நிகரான எச்சரிக்கை: பட்டையின் மேல் வெந்நீர்ப் பை வைக்கக் கூடாது, சூட்டில் மருந்து வேகமாக உள்ளே போகும்.

எடுப்பவரிடம் மட்டும் பேசி முடிப்பது

ஓவர்டோஸில் கிடப்பவர் தனக்குத் தானே எதுவும் செய்துகொள்ள முடியாது. அவருக்கு எவ்வளவு சொல்லிக் கொடுத்தாலும் அந்த நேரத்தில் பயன்படப் போவது பக்கத்தில் இருப்பவரின் அறிவுதான். ஆகவே ஆலோசனையின் பாதி அந்த இன்னொருவருக்குச் சேர வேண்டும்: கூடப் போடும் நண்பன், மனைவி, அண்ணன், லாட்ஜ் பையன் யாராக இருந்தாலும். ஓவர்டோஸை நேரில் பார்க்க வாய்ப்புள்ளவர்கள் எல்லோருக்கும் ஓபியாய்டின் வேலையை முறிக்கும் நலாக்சோன் மருந்து கிடைக்க வேண்டும், அதைப் பயன்படுத்தவும் கற்றுத்தர வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2014லேயே வழிகாட்டியில் எழுதிவிட்டது. “நீங்க போடும்போது பக்கத்துல யாரு இருப்பாங்க? அவரை அடுத்த தடவை கூட்டிட்டு வர முடியுமா?” என்பதை ஒவ்வொரு முறையும் கேளுங்கள். “யாரும் இல்லை, பாத்ரூம்ல தாழ்ப்பாள் போட்டுத்தான்” என்று பதில் வந்தால் அன்றைய வேலை முழுக்க அந்தத் தாழ்ப்பாள்தான். கதவைச் சாத்தலாம், தாழ் போட வேண்டாம். நம்பகமான ஒருவருக்கு முன்கூட்டியே போன் போட்டு, பத்து நிமிடம் கழித்துத் திரும்பக் கூப்பிடச் சொல்லலாம்.

பக்கத்தில் இருப்பவர் தவறவிடும் அடையாளம் குறட்டை. “நல்லா தூங்குறான், விடு” என்று விட்டுப் போன பிறகுதான் பல சாவுகள். தொண்டையில் களகளவென்று சத்தம், நிமிடத்துக்கு எட்டு பத்துக்கும் குறைவாக மூச்சு, ஊசிமுனை போன்ற கண்மணி, உலுக்கினாலும் எழாதது: இது தூக்கம் இல்லை. நம் தோல் நிறத்தில் முகம் நீலமாவது தெரியாமல் போகலாம். உள்ளுதடு, ஈறு, நகக்கண் இவற்றைப் பார்க்கச் சொல்லுங்கள். சாம்பல் பூத்த மாதிரி இருக்கும்.

வெளிநாட்டு வீடியோவை வைத்து நலாக்சோன் கற்றுக்கொடுப்பது

இணையத்தில் கிடைக்கும் பயிற்சி வீடியோக்கள் பெரும்பாலும் மூக்கில் அடிக்கும் 4 மில்லிகிராம் ஸ்ப்ரேயைக் காட்டுகின்றன. அமெரிக்காவில் 2023 முதல் அதற்கு மருத்துவர் சீட்டு தேவையில்லை. இங்கே நமக்குக் கைக்கு வருவது பெரும்பாலும் மருத்துவர் எழுதித் தரும் கண்ணாடி ஆம்பூல்: 1 மில்லியில் 0.4 மில்லிகிராம், அதாவது 400 மைக்ரோகிராம். வீடியோவைப் பார்த்தவர் கையில் ஆம்பூலைக் கொடுத்தால் அந்த நேரத்தில் திணறிப் போவார்.

ஆகவே ஆம்பூலையே கையில் கொடுத்துப் பழக்குங்கள். காலியான ஆம்பூலில் தண்ணீரை வைத்துப் பழகினால் போதும். நுனியைச் சுண்டி உள்ளே இருக்கும் திரவத்தைக் கீழே இறக்க வேண்டும். துணியோ பஞ்சோ சுற்றி, புள்ளி வைத்திருக்கும் பக்கத்துக்கு எதிர்த்திசையில் உடைக்க வேண்டும். 2 மில்லி சிரிஞ்சில் முழுவதையும் இழுத்து, தொடையின் வெளிப்பக்கத் தசையிலோ மேல்கையிலோ நேராகக் குத்த வேண்டும். அவசரத்தில் ஆடைக்கு மேலேயே போடலாம். இன்சுலின் ஊசி வேண்டாம், அதன் முனை தசை வரை போகாது. ஆம்பூலோடு சிரிஞ்சையும் ஊசியையும் சேர்த்து ஒரே உறையில் வைத்துக் கொடுங்கள். நடுராத்திரியில் சிரிஞ்சைத் தேடி ஓடுவது வழக்கமாக நடக்கும் கூத்து. வெயிலும் வெளிச்சமும் படாத இடத்தில் வைக்கணும், பீரோவில் பூட்டி வைக்கக் கூடாது.

ஊசியை விட மூச்சு முக்கியம் என்பதைச் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். தலையைப் பின்னால் சாய்த்து, மோவாயைத் தூக்கி, மூக்கைப் பொத்தி, ஐந்து விநாடிக்கு ஒருமுறை வாயில் ஊத வேண்டும். மார்பு எழும்புகிறதா என்று பார்க்க வேண்டும். இரண்டு மூன்று நிமிடத்தில் மூச்சு திரும்பவில்லை என்றால் இரண்டாவது ஆம்பூல். ஆகவே ஒரே ஒரு ஆம்பூலைக் கொடுத்து அனுப்பாதீர்கள். புப்ரனார்ஃபின் மூளையில் ஓபியாய்டு ஒட்டும் இடத்தை (ஏற்பியை) விடாமல் பற்றிக்கொள்ளும், அதற்கு வழக்கமான அளவு பத்தாமல் போகலாம். தூக்க மாத்திரையையும் சாராயத்தையும் நலாக்சோன் தொடவே தொடாது. இரண்டிலும் கைகொடுப்பது ஊதும் மூச்சுதான். கலந்து எடுத்தவருக்கும் நலாக்சோன் போடலாம், தப்பில்லை.

மூச்சு வந்ததும் வேலை முடிந்தது என்று நினைப்பது அடுத்த சறுக்கல். நலாக்சோனின் பலன் 30 முதல் 90 நிமிடம். உள்ளே இருக்கும் ஓபியாய்டு அதைவிட நீண்ட நேரம் நிற்கும், ஆள் மறுபடி மூழ்கலாம். எழுந்தவருக்கு மருந்தின் பிடி திடீரென விட்டதால் வரும் விலகல் வேதனை, கோபம், வாந்தி. “இன்னொன்னு போட்டாத்தான் சரியாகும்” என்பார். போட விடக் கூடாது, இரண்டு மணி நேரமாவது விட்டுப் போகவும் கூடாது. இடப்பக்கமாக ஒருக்களித்துப் படுக்க வைத்தால் வாந்தி தொண்டையில் அடைக்காது.

கைவைத்தியத்தைப் பற்றிக் கேட்காமல் விடுவது

உப்புத் தண்ணீரை ஊசியில் ஏற்றுவது, வாயில் பால் அல்லது எலுமிச்சைச் சாறு ஊற்றுவது, ஷவருக்கு அடியில் இழுத்துப் போடுவது, கன்னத்தில் அறைந்துகொண்டே நடக்க வைப்பது. இவை கூட்டாளிகளுக்குள் கைமாறி வரும் வைத்தியங்கள். “போன தடவை ஒருத்தன் விழுந்தப்ப என்ன செஞ்சீங்க?” என்று கேட்டால் இதில் ஒன்று வெளியே வரும். சிரிக்காதீர்கள், திட்டாதீர்கள். அவர்கள் காப்பாற்றத்தான் பார்த்திருக்கிறார்கள். காரணத்தோடு மாற்றுங்கள்: மயக்கத்தில் ஊற்றும் பால் நுரையீரலுக்குப் போகும்; உப்புத் தண்ணீர் மூச்சைத் திருப்பாது, நேரத்தைத் தின்னும். நெஞ்செலும்பின் மேல் முஷ்டியால் அழுத்தித் தேய்ப்பது, எழுகிறாரா என்று பார்க்க மட்டும்.

108ஐக் கூப்பிடப் பயப்படுவதும் இதோடு சேர்ந்தது. “போலீஸ் வராது” என்று நீங்கள் வாக்குக் கொடுக்க முடியாது, கொடுக்கவும் கூடாது. பொய்த்துப் போனால் அந்தத் தெருவே உங்கள் மையத்துப் பக்கம் வராது. அதற்குப் பதில் சொல்ல வேண்டிய வாக்கியத்தையே பழக்குங்கள்: “ஆள் பேச்சு மூச்சில்லாமக் கிடக்கிறாரு, உதடு நீலமா இருக்கு, மூச்சு நின்னு நின்னு வருது.” பிறகு தெருப் பெயர், பக்கத்தில் ஓர் அடையாளம். வண்டி வந்த பிறகு என்ன எடுத்தார் என்பதை மருத்துவப் பணியாளரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

பதிவேட்டில் ஒரே வரி

“கவுன்சிலிங் கொடுக்கப்பட்டது” என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால் அடுத்த வாரம் உட்காரும் பணியாளர் மறுபடி முதலிலிருந்து தொடங்குவார், எதிரே இருப்பவருக்கு அலுத்துப் போகும். சொன்னதை அவர் வாயாலேயே திரும்பச் சொல்லவைத்து, அதை எழுதுங்கள். இப்படி: “14 நாள் ரிமாண்ட் முடிந்து வந்திருக்கிறார். குடித்த பிறகு ஊசி. மாடி அறையில், தனியாக. தாழ் போட மாட்டேன் என்றார். இரண்டு ஆம்பூல், இரண்டு சிரிஞ்சு கொடுத்தாச்சு, டிவிக்கு மேலே வைப்பார். தம்பிக்கு இன்னும் சொல்லவில்லை. வியாழன் தம்பியோடு வருகிறார், ஆம்பூல் உடைக்கப் பழக்க வேண்டும்.”