க்வெரி மெதுவா? ரெடிஸ் போடும் முன் பிளானைப் படியுங்கள்

பேக்எண்ட் வேலைக்குச் சேர்ந்த புதிதில் எல்லோர் தலையிலும் விழும் டிக்கெட் ஒன்று உண்டு: "ஆர்டர் லிஸ்ட் பேஜ் ரொம்ப ஸ்லோ." உடனே டீமில் யாராவது "ரெடிஸ் போட்டுடலாம்" என்பார்கள், அதாவது விடைகளை மெமரியில் வைத்து வேகமாகத் தரும் ஒரு கேஷ். வேண்டாம். டேட்டாபேஸ் உள்ளே என்ன செய்கிறது என்று பார்க்காமல் மேலே கேஷ் வைத்தால், கேஷ் காலாவதியாகும் நேரத்தில் அதே பிரச்சினை திரும்ப வந்து நிற்கும்.

பிளான் என்பது க்வெரியை எந்த வழியில் ஓட்டுவது என்று டேட்டாபேஸ் போடும் திட்டம். போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் உங்கள் மெஷினில் ஓடுகிறது, செலக்ட் எழுதத் தெரியும் என்று வைத்துக்கொண்டு ஆரம்பிக்கிறேன். பிஜிஅட்மின் (போஸ்ட்கிரெஸுக்கான விண்டோ டூல்) பழகியவர்கள் அதிலேயே செய்யலாம். எனக்கு அது திறப்பதற்குள் பொறுமை போய்விடும், டெர்மினல்தான்.

படி 1: போதுமான டேட்டா

ஆர்டர்ஸ் என்று ஒரு டேபிள். ஐடி, கஸ்டமர் ஐடி, ஸ்டேட்டஸ், கிரியேட்டட் அட் (ஆர்டர் போட்ட நேரம்) என நான்கு காலம் (நெடுவரிசை). ஜெனரேட் சீரிஸ் ஃபங்ஷனை வைத்து 10 லட்சம் வரிகள் நிரப்புங்கள். கஸ்டமர் ஐடிக்கு 1 முதல் 10,000 வரை ஏதோ ஒரு ரேண்டம் எண். ஆளுக்குச் சுமார் 100 ஆர்டர் வரும். நேரத்துக்கு வரிக்கு ஒரு நிமிடம் தள்ளிக்கொண்டே போங்கள், கிட்டத்தட்ட இரண்டு வருட டேட்டா கிடைத்துவிடும். முடிந்ததும், டேபிளின் புள்ளிவிவரத்தைச் சேகரிக்கும் அனலைஸ் கட்டளையை ஒருமுறை ஓட்டிவிடுங்கள். ஆட்டோவேக்யூம் எப்படியும் பின்னால் செய்யும், அதுவரை காத்திருக்கத் தேவையில்லை.

படி 2: பிளானைக் கேட்பது

கஸ்டமர் 42 போட்ட கடைசி 20 ஆர்டர்கள் வேண்டும். வேர், ஆர்டர் பை, லிமிட் எல்லாம் வழக்கம்போல எழுதி, முன்னால் எக்ஸ்ப்ளெய்ன் போட்டு, அடைப்புக்குறிக்குள் அனலைஸ், பஃபர்ஸ் (எத்தனை பக்கம் டேட்டா படித்தது என்ற கணக்கு) இரண்டையும் கொடுங்கள். (18ஆம் பதிப்பில் அனலைஸ் கொடுத்தாலே பஃபர்ஸும் சேர்ந்து வருகிறது.)

வெறும் எக்ஸ்ப்ளெய்ன் ஒரு மதிப்பீடுதான். அனலைஸ் சேர்த்தால் க்வெரி நிஜமாகவே ஓடும். டிலீட்டுக்கு முன்னால் போட்டால் வரிகளும் நிஜமாகவே போய்விடும். அப்டேட், டிலீட் என்றால் பிகின் போட்டு ஆரம்பித்து ரோல்பேக்கில் முடியுங்கள், செய்தது ரத்தாகிவிடும்.

படி 3: படிப்பது

அதிகம் உள்ளே தள்ளியிருக்கும் வரியிலிருந்து மேல்நோக்கிப் படிக்க வேண்டும். அங்கே பேரலல் சீக் ஸ்கேன் என்று இருக்கும், டேபிளை வரிசையாக முழுக்கப் படிப்பது, அதுவும் பலர் பிரித்துக்கொண்டு. அதன் கீழே ரோஸ் ரிமூவ்ட் பை ஃபில்டர் (படித்துவிட்டு வேண்டாமென்று தள்ளிய வரிகள்), பக்கத்தில் 3,33,300 மாதிரி ஒரு எண்.

என்னை வெகுநேரம் உட்காரவைத்தது இந்த எண்தான். டேபிளில் 10 லட்சம் வரி, தள்ளியது மூன்றே கால் லட்சத்துக்குக் கொஞ்சம் மேல் என்றால் மீதி எங்கே? விடை மேலே பேரலல் சீக் ஸ்கேன் வரியில், லூப்ஸ் 3 என்ற இடத்தில் இருக்கிறது. இரண்டு ஒர்க்கர், கூடவே லீடர் என மூன்று பேர் (மூன்று பிராசஸ்) வேலையைப் பிரித்துக்கொண்டிருக்கிறார்கள். காட்டுவது ஒரு லூப்பின் சராசரி. பெருக்கினால் 9,99,900. நூறு வரியைக் கண்டுபிடிக்க முழு டேபிளையும் புரட்டியிருக்கிறது!

நேரத்துக்கும் இதே கணக்குதான். நெஸ்டட் லூப்புக்குள் (ஒரு டேபிளின் ஒவ்வொரு வரிக்கும் இன்னொன்றில் தேடுவது) 0.02 மில்லிசெகண்ட் என்று ஒரு வரி அப்பாவியாக நிற்கும். லூப்ஸ் 50,000 என்றால் அது ஒரு முழு செகண்ட். பிளான் நீளமாக இருந்தால் தலிபோவின் பிளான் பார்க்கும் தளத்தில் ஒட்டிப் பாருங்கள், படமாக வரைந்து காட்டும். வாடிக்கையாளர் விவரம் இருக்கும் ஆபீஸ் க்வெரியை மட்டும் அப்படியே கொண்டுபோய் ஒட்டாதீர்கள்.

படி 4: இன்டெக்ஸ், எந்த வரிசையில்?

கஸ்டமர் ஐடி, கிரியேட்டட் அட் இரண்டையும் சேர்த்து ஒரே இன்டெக்ஸ் (முழு டேபிளையும் புரட்டாமல் தேட உதவும், வரிசைப்படுத்திய பட்டியல்). எது முதலில் என்பதில்தான் விஷயமே இருக்கிறது. மொய் நோட்டை நினைத்துக்கொள்ளுங்கள். கல்யாணத்தன்று வந்த வரிசையில் எழுதியதை, பிறகு ஊர் வாரியாக, ஊருக்குள் பெயர் வாரியாக எழுதி வைப்பார்கள். உசிலம்பட்டி முருகேசன் என்றால் சட்டென்று எடுத்துவிடலாம். ஊர் தெரியாமல் வெறும் முருகேசன் என்றால் ஒவ்வொரு ஊராகப் புரட்ட வேண்டும்.

இங்கே கஸ்டமர் ஐடிதான் ஊர். அது முதலில் வந்தால் 42இன் ஆர்டர்கள் ஒரே இடத்தில், நேர வரிசையில் இருக்கும். பின்னாலிருந்து 20 எடுத்தால் வேலை முடிந்தது, தனியாக வரிசைப்படுத்தக்கூட (சார்ட்) தேவையில்லை. வரிசையை மாற்றிப்போட்டால் பிளானில் இன்டெக்ஸ் ஸ்கேன் என்றுதான் வரும், இன்டெக்ஸ் கண்டிஷனில் கஸ்டமர் ஐடியும் இருக்கும், பார்க்க எல்லாம் சரியாகவே தெரியும். ஆனால் 20 ஆர்டரைப் பிடிக்க ஏறக்குறைய 2 லட்சம் என்ட்ரிகளைத் தாண்டி வந்திருக்கும். காட்டிக்கொடுப்பது பஃபர்ஸ் வரி மட்டும்தான்: சரியான வரிசையில் இருபத்துச் சொச்சம் பக்கம், தலைகீழாகப் போட்டால் நூற்றுக்கணக்கில். ஒரு பக்கம் 8 கேபி. நேரத்தைவிட நான் முதலில் பார்ப்பது இதைத்தான். நேரம் மெஷினுக்கு மெஷின் மாறும்.

மைஎஸ்க்யூஎல் பக்கமிருந்து வருபவர்களுக்கு ஒரு வார்த்தை: அதன் ஸ்டோரேஜ் எஞ்சினான இன்னோடிபி, ஃபாரின் கீ (இன்னொரு டேபிளைச் சுட்டும்) காலத்துக்குத் தானாக இன்டெக்ஸ் போட்டுவிடும். போஸ்ட்கிரெஸ் போடாது.

படி 5: புரொடக்‌ஷனில்

சாதாரண கிரியேட் இன்டெக்ஸ் முடியும்வரை அந்த டேபிளில் யாரும் எழுத முடியாது. கன்கரண்ட்லி சேர்த்துப் போடுங்கள், எழுதுவது தடைபடாது. அது டிரான்சாக்‌ஷனுக்குள் ஓடாது என்பதால் ஜாங்கோ (பைதான் வெப் ஃப்ரேம்வொர்க்) மைக்ரேஷனில் அடாமிக் ஃபால்ஸ் கொடுக்க வேண்டும்.

அப்டேட்: "இன்டெக்ஸ் போட்டும் சீக் ஸ்கேன்தான் வருது" என்று கமெண்டில் இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். ஒருவரின் டேபிளில் இருந்ததே 200 வரி. அவ்வளவு சின்ன டேபிளை மொத்தமாகப் படிப்பதே மலிவு, போஸ்ட்கிரெஸ் செய்தது சரி. இன்னொருவர் கிரியேட்டட் அட் காலத்தை டேட் ஃபங்ஷனுக்குள் போட்டு ஒப்பிட்டிருந்தார். இன்டெக்ஸில் இருப்பது மூல நேரம், ஃபங்ஷனின் விடை இல்லை. அன்றைய நள்ளிரவு முதல் மறுநாள் நள்ளிரவுக்கு முன்வரை என்று ரேஞ்சாக எழுதச் சொன்னேன், இன்டெக்ஸ் வந்துவிட்டது.

அப்டேட் 2: கன்கரண்ட்லி பாதியில் தோற்றால் இன்வேலிட் என்ற குறியோடு அரைகுறை இன்டெக்ஸ் அப்படியே தங்கிவிடும். க்வெரிக்கு உதவாது, ஆனால் ஒவ்வொரு இன்சர்ட்டுக்கும் செலவு வைக்கும். டேபிளின் விவரத்தைப் பார்த்து, இருந்தால் டிராப் செய்துவிட்டு மறுபடி போடுங்கள்.